தூங்குற வைரஸ எழுப்பி விடறது எது?

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமா ஈபிவி, அத பத்தி பேச கூப்பிட்டிருக்காங்க. உலகத்துல பெரியவங்கள்ல 100க்கு 90 பேருக்கு மேல இது உடம்புல இருக்கு, இத கேட்டுட்டு இருக்கற உங்களுக்கும் அனேகமா இருக்கும், பயந்துடாதீங்க, பெரும்பாலானவங்களுக்கு கடைசி வரைக்கும் ஒரு தொந்தரவும் தராது.

1958ல உகாண்டால டெனிஸ் பர்கிட்னு ஒரு சர்ஜன், சின்ன பசங்களுக்கு தாடைல வர்ற கேன்சர் கட்டிய பத்தி எழுதினாரு. அந்த கட்டியோட செல்லுல 1964ல எப்ஸ்டீன், அச்சாங், பார் மூணு பேரும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வைரஸ பாத்துட்டாங்க. பாவம், அச்சாங் பேரு மட்டும் வைரஸ் பேர்ல சேரல.

இந்த வைரஸ் நம்ம ரத்தத்துல நோய எதிர்க்கறதுக்கு இருக்கற பி செல்லுக்குள்ள போய் படுத்துக்கும். நிறைய ஜீன் இருந்தாலும் விரல் விட்டு எண்ற மாதிரி சிலது மட்டும்தான் வேலை செய்யும், மத்ததெல்லாம் மூடிதான் கிடக்கும். திடீர்னு ஒருநாள் முழிச்சிக்கிட்டு புது வைரஸா தயாரிக்க ஆரம்பிக்கும். ஜீன்ல ஒரு எழுத்து கூட மாறிருக்காது, அப்ப மாறுறது என்னன்னா, நம்ம செல்லு புரோட்டீன் மேலயும் ஆர்என்ஏ (ஜீன பாத்து எடுக்கற நகல்) மேலயும் ஒட்டுற குட்டி குட்டி கெமிக்கல். ரேஷன் கார்டு அதே கார்டுதான், மேல என்ன சீல் குத்திருக்குங்கறத பாத்துதான் கடைக்காரர் அரிசியா சர்க்கரையான்னு சொல்லுவாரு இல்லையா, அந்த மாதிரி.

நம்ம செல்லுல காப்-1னு ஒரு புரோட்டீன் இருக்கு. அதுமேல சுமோங்கற இன்னொரு குட்டி புரோட்டீன் ஒட்டிருந்தா வைரஸோட டிஎன்ஏ இறுக்கி மூடியே இருக்கும், அதே காப்-1ல 824வது இடத்துல ஒரு பாஸ்பேட் ஏறிடுச்சுன்னா அந்த பிடி தளர்ந்துடும், வைரஸ் முழிச்சிக்கும். 2017ல வந்த ஒரு ஆய்வுல, மலேரியாவுக்கு குடுக்கற குளோரோகுயின் பர்கிட் கட்டி செல்லுல இந்த பாஸ்பேட்டதான் ஏத்தி விடுதுன்னு காட்டினாங்க. ஆப்பிரிக்கால மலேரியா அதிகமா இருக்கற பகுதியும் பர்கிட் கட்டி அதிகமா வர்ற பகுதியும் ஒண்ணா இருக்கறதால இது சாதாரண விஷயம் இல்ல, ஆனா இது லேப்ல வளத்த செல்லுல பாத்தது, மாத்திரை போட்டா கேன்சர் வரும்னு யாரும் வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க.

ஆர்என்ஏ பக்கம் இன்னும் குழப்பம். எம்6ஏன்னு ஒரு மெத்தில் அடையாளம், ஈபிவியோட ஆர்என்ஏ மேல இது இருந்தா ஒய்டிஎச்டிஎஃப்2ங்கற புரோட்டீன் (பேரு வாய்ல நுழையாது, மன்னிச்சுக்கோங்க) அத படிச்சு அந்த ஆர்என்ஏவ அழிச்சுடும், வைரஸ் எந்திரிக்க முடியாது. வைரஸ் முழிக்கிற நேரத்துல கேஸ்பேஸ்னு நம்ம செல்லோட கத்திரியே இந்த காவல்காரன வெட்டிடுது. செல்லு கெட்டுப்போனா தற்கொலை பண்ணிக்கறதுக்கு வெச்சிருக்கற கத்திரி அது, கடைசில எதிரிக்குதான் உதவுது! இதுக்கு நேர்மாறா, 1994ல கண்டுபிடிச்ச, ஈபிவிக்கு சொந்தக்காரனான கபோசி சர்கோமா வைரஸ்ல, முழிக்க வைக்கற ஆர்டிஏ ஜீனோட ஆர்என்ஏவ சரியா வெட்டி ஒட்டறதுக்கே அதே எம்6ஏ தேவைப்படுது. ஒரே அடையாளம், ஒரு எடத்துல பூட்டு, இன்னொரு எடத்துல சாவி. அதனால எம்6ஏவ நிறுத்துற மருந்து வந்துட்டா எல்லா வைரஸும் ஒழிஞ்சிடும்னு யாராச்சும் சொன்னா நான் நம்ப மாட்டேன், எந்த வைரஸ், எந்த செல்லுன்னு முதல்ல கேப்பேன்.

இந்த வைரஸ் இருக்கற கேன்சருக்கு இத வெச்சே ஒரு சிகிச்சையும் முயற்சி பண்ணி பாத்திருக்காங்க, வேணும்னே எழுப்பி விட்டு அடிக்கறது. தூங்குற வைரஸ்கிட்ட கேன்சைக்ளோவிர்ங்கற மருந்து வேலை செய்யாது, ஏன்னா அந்த மருந்த விஷமா மாத்தற என்சைம வைரஸ்தான் தயாரிக்கணும், அது முழிச்சாதான் வரும். டிஎன்ஏ சுத்திக்கிட்டு இருக்கற ஹிஸ்டோன் புரோட்டீன்ல அசிட்டைல் அடையாளத்த அழிய விடாம வைக்கற மருந்தால அத எழுப்பிட்டு, கூடவே கேன்சைக்ளோவிர் குடும்பத்து மருந்தையும் குடுத்து பாத்தாங்க. ரெண்டையும் சேத்து குடுக்காம வெறுமனே எழுப்பி மட்டும் விட்டா, புதுசா வெளிய வர்ற வைரஸ் பக்கத்து செல்லுக்கும் போயிடும்.