ஏறிய சம்பளம் எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே.

அரசு ஊழியர்களுக்கான கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் நெடுங்காலம் செயலாளராக இருந்தவன் நான். கடன் கேட்டு ஒருவர் வந்தால் முதலில் அவருடைய சம்பளப் பட்டியலைத்தான் பார்ப்போம். ஒரு பக்கம் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. மறுபக்கம் பிடித்தங்கள். கடைசியில் கைக்கு வரும் தொகை. சம்பளம் குறைவாக உள்ளவர் மாதக் கடைசியில் வந்து நிற்பதில் வியப்பில்லை. அவரைப்போல் மூன்று மடங்கு வாங்குகிற அதிகாரியும் அதே வாரத்தில் வந்து நிற்பார், கேட்கும் தொகைதான் பெரிதாக இருக்கும். இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருமானம் கூடினால் செலவு கூடுவது குற்றம் இல்லை. கூடத்தான் வேண்டும். தள்ளிப்போட்ட பல் வைத்தியம், அம்மாவின் கண்புரை அறுவை, ஒழுகுகிற கூரை எல்லாம் சம்பள உயர்வுக்காகத்தானே காத்துக்கொண்டிருந்தன? 1857ஆம் ஆண்டிலேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை வைத்து ஒன்றைக் காட்டினார். வருமானம் ஏற ஏற, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறைந்துகொண்டே வரும். சாப்பாட்டுச் செலவு ரூபாய்க் கணக்கில் கூடினாலும், மற்ற செலவுகள் அதைவிட வேகமாகக் கூடும்.

நம் நாட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, 1999-2000ல் கிராமப்புறக் குடும்பம் செலவிட்ட 100 ரூபாயில் ஏறத்தாழ 59 ரூபாய் உணவுக்குப் போனது. 2022-23ல் அது 46 ரூபாய். அரிசி, கோதுமை போன்ற தானியங்களை மட்டும் பார்த்தால், 22 ரூபாயாக இருந்தது 5 ரூபாயாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2022-23ல் ஒருவருக்கான மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். நான்கு பேர் உள்ள வீடு என்றால் கிராமத்தில் 21,000 சொச்சம், நகரத்தில் 30,000க்கு மேல். இது சராசரிதான். உங்கள் வீட்டுக் கணக்கு இதற்கு மேலேயோ கீழேயோ இருக்கும்.

சரி, அரிசியில் மிச்சமான பங்கு எங்கே போயிற்று? ஓட்டலுக்கும் சினிமாவுக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்கு வந்த மாமனார்கூட அதைத்தான் சொல்வார். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டால் செலவு அன்றோடு முடிந்தது. அரசு வரவு செலவுத் திட்டத்தில் தொடர் செலவினம், தொடராச் செலவினம் என்று பிரித்து எழுதுவார்கள். பிரியாணி தொடராச் செலவினம். சங்கத்தில் நான் பார்த்த மனுக்களில் குடும்பத்தைக் கடனில் தள்ளியது பெரும்பாலும் தொடர் செலவினம்தான், அதாவது ஒரு தடவை முடிவெடுத்தால் மாதா மாதம் வந்து கதவைத் தட்டுவது.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை. தொகைகள் மட்டும் நான் பார்த்துப் பழகிய மனுக்களை ஒட்டியவை. கணவருக்குப் பதவி உயர்வு, மாதம் 9,000 ரூபாய் கூடுதல். முதல் வேலையாக வீடு மாறுகிறார்கள். வாடகை 8,000 இருந்தது 12,000 ஆகிறது. சரி, 4,000தானே, இன்னும் 5,000 இருக்கிறதே என்று தோன்றும். புது வீடு அடுக்குமாடி, பராமரிப்புக்கு 800. பையனின் பள்ளி இப்போது தூரம், வேனுக்கு 1,500. அலுவலகமும் தூரம், பெட்ரோலுக்கு 900 கூடுதல். புது வீட்டில் இணையத்துக்கு 700. சமையலறையில் பெரிய இடம் இருக்கிறது, பழைய ஃபிரிட்ஜ் அங்கே எடுபடவில்லை. புதியதை மாதத் தவணை 1,900க்கு எடுக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள், 9,800 வருகிறது. உயர்வு 9,000. இதில் ஆடம்பரம் என்று நீங்கள் கை நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜைச் சொல்லலாம், அதுவும் பன்னிரண்டு மாதத்தில் முடிந்துவிடும். உண்மையில் அவர்கள் எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான், வீடு மாறுவது. மற்றவை அதன் பின்னாலேயே வந்தவை.

ஏசியும் அப்படித்தான். கடையில் விலையைப் பார்த்துப் பேரம் பேசுகிறோம். ஒன்றரை டன் ஏசி இரவு முழுக்க ஓடினால் ஏழு, எட்டு யூனிட் இழுக்கும். மின்வாரியக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அந்த இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினீர்கள் என்றால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 500க்குள் இருந்தவர்களுக்குக் கிடைத்த குறைந்த விலை அடுக்கும் கைவிட்டுப் போகும். கோடையில் கரண்ட் பில்லைப் பார்த்து மீட்டரில் கோளாறு என்று அலுவலகத்துக்குப் போகிறவர்களில் பலருக்கு மீட்டர் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் மொய். பொருளாதாரப் புத்தகங்களில் இது வராது. நம் வீட்டு வரவு செலவில் வராமல் இருக்காது. கல்யாணப் பத்திரிகை வந்தால் பழைய மொய் நோட்டை எடுத்துப் பார்ப்போம், அவர்கள் நமக்கு என்ன எழுதினார்கள் என்று. வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும், அது முறை. அதற்கு மேல் பதவியும் சேர்ந்துகொள்கிறது. "போன தடவை ஐநூறு எழுதினோம், சரி. இப்ப நீங்க ஏட்டு இல்லையே, எஸ்.ஐ. ஆச்சே. ஆயிரத்துக்குக் குறைஞ்சு எழுதினா நல்லாவா இருக்கும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நீங்கள் ஆயிரம் எழுதினால் அவர்கள் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆயிரத்து ஐநூறு எழுதுவார்கள். அடுத்த முறை நீங்கள் அதற்கு மேல். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே தனியாக நடத்துவார்கள். அங்கே இது சேமிப்பு மாதிரியும் கடன் மாதிரியும் சேர்ந்தே ஓடுகிறது. எதுவானாலும் ஒருமுறை ஏற்றிய மொய்யை இறக்க முடியாது. இறக்கினால், என்ன ஆச்சு இவருக்கு என்று ஊர் கேட்கும்.

ஜேம்ஸ் டூசன்பெரி என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1949ல் எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான். ஒரு குடும்பம் தன் சொந்த வருமானத்தை மட்டும் பார்த்துச் செலவு செய்வதில்லை, சுற்றியிருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தும் செய்கிறது. இரண்டாவது, வருமானம் ஏறும்போது கூடவே ஏறும் செலவு, வருமானம் இறங்கும்போது அதே அளவு இறங்குவதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இது ஓய்வுபெறும் அன்றுதான் உறைக்கும். கொத்தனார், பெயின்டர் போன்றவர்களுக்கு ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் உறைக்கும். நாள் கூலி நன்றாக ஏறியிருக்கிறது, உண்மை. ஆனால் அடைமழைக் காலத்தில் வேலை இல்லை, வண்டித் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

இன்னொரு விஷயம். உயர்வு கைக்கு வருவதற்கு முன்பே செலவு கிளம்பிவிடுகிறது. ஏழாவது ஊதியக்குழுவின்போது அலுவலகங்களில் எங்கே பார்த்தாலும் 2.57 என்ற எண்தான் பேச்சு. பழைய ஊதியத்தை 2.57ஆல் பெருக்கினால் புது ஊதியம். பலர் மனதுக்குள் சம்பளம் இரண்டரை மடங்கு ஆகப்போகிறது என்றே கணக்குப் போட்டார்கள். 2016 ஜனவரியில் அகவிலைப்படியே 125 சதவீதம் இருந்தது. அடிப்படை 100 ரூபாய்க்கு ஏற்கெனவே 225 வாங்கிக்கொண்டிருந்தவர், இனி 257 வாங்குவார். நிகர உயர்வு 14 சதவீதம், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அதன் பணப்பயன் 2017 அக்டோபர் முதல்தான் வந்தது, அதற்கு முந்தைய 21 மாதத்துக்கு நிலுவை கிடையாது. நிலுவையை நம்பி மனைக்கு முன்பணம் கொடுத்தவர்கள் எங்கள் சங்கத்துக்கு வந்தார்கள். இப்போது எட்டாவது ஊதியக்குழு பற்றிய பேச்சு ஓடுகிறது. பெருக்கல் எண்ணைக் கேட்டவுடன், அதை, இப்போது வாங்கும் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த எண்ணால் (2016ல் அது 2.25) வகுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, என்னதான் செய்வது? சிக்கனமாக இருங்கள் என்று வானொலியில் சொல்வது சுலபம். யாரும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. வாங்கிப் பழகிய பணத்திலிருந்து ஆயிரம் ரூபாயைக் குறைப்பது வலிக்கும். இன்னும் கைக்கு வராத பணத்திலிருந்து ஆயிரம் ஒதுக்குவது அவ்வளவாக வலிக்காது. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்துத் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்தார்கள். இப்போதே சேமிப்பைக் கூட்டுங்கள் என்றதற்குத் தயங்கியவர்களிடம், அடுத்தடுத்த சம்பள உயர்விலிருந்து ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போகட்டுமா என்று கேட்டார்கள். 100க்கு 78 பேர் சரி என்றார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. ஆய்வு 2004ல் வெளிவந்தது. தேலருக்கு 2017ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊரில் இதற்குப் புதிதாக ஏற்பாடு எதுவும் வேண்டாம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் வருங்கால வைப்பு நிதிச் சந்தாவைக் கூட்டலாம். 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இல்லாதவர் சங்கத்தின் சிக்கன வைப்பைக் கூட்டலாம், அல்லது அஞ்சலகத்தில் தொடர் வைப்பு ஒன்று புதிதாகத் தொடங்கலாம். தனியார் நிறுவனத்தில் இருப்பவருக்கு விருப்ப வருங்கால வைப்பு நிதி இருக்கிறது, அதாவது கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் தானாகக் கூட்டிக் கட்டுவது. அடிப்படை ஊதியம் 40,000 வாங்குபவருக்கு அகவிலைப்படி 3 சதவீதம் ஏறினால் மாதம் 1,200 வரும். விலைவாசிக்காகக் கொடுப்பது அது, முழுவதையும் சேமிக்கச் சொன்னால் நியாயம் இல்லை. பாதி, 600 ரூபாய், போதும். வருடாந்திர ஊதிய உயர்வில் கொஞ்சம் தாராளமாக ஒதுக்கலாம்.

அகவிலைப்படி ஜனவரி 1, ஜூலை 1 என்று தேதியிட்டுத்தான் ஏறும். ஆணை சில மாதம் கழித்து வருவதால் நிலுவையும் சேர்ந்து மொத்தமாக வரும். அந்த நிலுவையைத் துணிக்கோ சுற்றுலாவுக்கோ தாராளமாகச் செலவழியுங்கள், அது ஒரு தடவையோடு போய்விடும். மாதம் மாதம் வரப்போகும் அந்த 600க்கு மட்டும், ஆணை வந்த வாரமே பிடித்தத்தைக் கூட்டச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போன பிறகு கொடுத்தால் அடுத்த மாதத்தில்தான் பிடிப்பார்கள்.

நன்றி, வணக்கம்.