கோடையில் நன்னீர்த் துறை தேடுவோருக்கு

அன்பான நேயர்களுக்கு வணக்கம். சித்திரைப் புத்தாண்டு கழிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் குடும்பங்கள் சோற்றுப் பானையோடும் பாயோடும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் குளங்களை நோக்கிப் புறப்படும் காலம் வந்துவிடுகிறது. அப்படிப் போகிறவர்கள் குளிப்பதற்கான இடத்தை எவ்வாறு தெரிவு செய்வது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நாம் கடலோடு பழகியவர்கள். பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்த கால்கள் குளத்திலும் அவ்வாறே நடக்கலாம் என்று நம்பிவிடுகின்றன. ஆனால் உப்பின் காரணமாகக் கடல்நீர் நன்னீரைவிட லீற்றருக்கு ஏறத்தாழ 25 கிராம் கூடுதல் நிறையுடையது; அந்தச் சிறு வேறுபாடே உடலைச் சற்று மேலே தாங்குகிறது. கடலில் இலகுவாக மிதப்பவர் குளத்தில் கொஞ்சம் தாழ்ந்தே மிதப்பார், அதனால் விரைவில் களைத்தும் போவார். ஆகவே ஒரு துறையைப் பார்க்கும்போது, இறங்குவதற்கு எவ்வளவு வசதி என்பதைவிட, களைத்துப்போன ஒருவர் கரையேறுவதற்கு எவ்வளவு வசதி என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்தக் கண்ணோடு பார்த்தால், படம் எடுப்பதற்கு மிக அழகான குளக்கட்டுத்தான் குளிப்பதற்கு மிக மோசமான இடம். கட்டின் உட்புறத்தில் அலை அரிக்காமல் அடுக்கப்பட்ட கற்களில், நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு முழ அகலத்துக்குப் பாசி படிந்திருக்கும். காய்ந்த கல்லில் உறுதியாக நிற்கும் பாதம் அந்த இடத்தில் வழுக்கும். அதற்கு அப்பால் ஆழம் உடனே தொடங்கிவிடும். துருசு, அதாவது நீரைத் திறந்துவிடும் மதகு, திறந்திருக்கும்போது நீர் கட்டின் அடியால் இழுபட்டு வெளியேறுவது மேலே தெரியாது. குளம் நிரம்பி மிஞ்சிய நீர் வழியும் வான் பாயும் இடத்தின் கீழோ, விழுந்த நீர் திரும்பி உள்நோக்கிச் சுழல்வதால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதே இடத்துக்கே இழுத்து வரப்படுவார்.

கட்டுக்கு எதிர்ப்புறத்தில், நீர் மெல்ல மெல்லப் பரவி நிற்கும் அலைகரை சரிவு குறைந்தது என்பதால் பலர் அதை விரும்புகிறார்கள். கோடையில் நீர் இறங்கும்போது அங்கே சேறும் பட்ட மரக்கட்டைகளும் நன்னீர் மீனவர்களின் வலைகளும் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றை மறித்துக் கட்டிய குளமென்றால், பழைய ஆற்றின் தடம் இன்னும் குளத்துக்குள்ளேயே கிடக்கும். முழங்கால் அளவு நீரில் நடந்து போகிறவர் அந்தத் தடத்தின் விளிம்பில் ஒரே எட்டில் ஆழத்துக்குள் போய்விடுவார். நீண்ட தடியொன்றால் தரையைக் குத்திப் பார்த்த பின்னரே பிள்ளைகளை விட வேண்டும்.

ஆறுகளைப் பொறுத்தவரை என் தயக்கம் இன்னும் அதிகம். மழைக் காலத்தில் கரைபுரண்ட முந்தேனி ஆறு கோடையில் மணல் திட்டுகளாகவும் மடுக்களாகவும் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்தால் அதைவிடச் சாதுவான நீர் இல்லை என்றே தோன்றும். ஆனால் மணல் அகழப்பட்ட இடங்களில் உண்டாகும் கிடங்குகளின் ஓரம் செங்குத்தாக இருக்கும். ஏற முயல்கிறவர் பற்றும் மணல் கையோடு சரிந்து வரும். மணல் ஏற்றும் உழவு இயந்திரங்களின் தடம் ஆற்றுக்குள் இறங்குவதைக் கண்டால் அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, துருசுக்குக் கீழே சற்றுத் தள்ளி, ஊர்ப் பெண்கள் வழமையாகக் குளிக்கும் படிக்கட்டுள்ள வாய்க்கால். நீர் ஓடிக்கொண்டிருக்கும், ஆழம் தெரியும், ஏறுவதற்குப் படி இருக்கும். படி இல்லாத கொங்கிறீற்று வாய்க்கால் வேறு கதை. அதன் சரிந்த பக்கங்களில் ஈரக் கைக்குப் பிடிமானமே கிடையாது. சிறுபோகம் என்னும் கோடைகால நெற்செய்கைக்கு எந்த நாளில், எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்பதை வயல்களுக்கு நீர் விடுவதைக் கவனிக்கும் அந்தப் பகுதி வட்டவிதானையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் வாய்க்காலில் நீர் ஏறுவதற்கு அதிக நேரம் எடுக்காது. வயல்களுக்குக் கீழே ஓடும் வடிச்சல் வாய்க்காலில் மட்டும் இறங்க வேண்டாம். பூச்சிகொல்லி எண்ணெய், பசளை என்று வயலில் இட்டவற்றின் மிச்சமெல்லாம் அதில்தான் வந்து சேர்கிறது.

முதலைகளைப் பற்றி அறிய மாடு சாய்க்கும் பட்டிக்காரரைவிடச் சிறந்தவர் இல்லை. சிறு குளங்கள் வற்றும்போது முதலைகள் தரைவழியாக நகர்ந்து நீருள்ள குளங்களுக்கு வருவதால், போன வருடம் இல்லையே என்ற பேச்சு இந்த வருடத்துக்கு உதவாது. எருமைகள் தண்ணீரில் இறங்கத் தயங்கும் இடத்தில் நமக்கும் வேலையில்லை. யானைகள் மாலையில் நீருக்கு வரும் ஊர்களில், வெயில் சாயும் முன்னரே பாயைச் சுருட்டிவிட வேண்டும். அம்பாறைப் பக்கம் போகிறவர்கள் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தைக் குளிக்கும் இடமாக எண்ண வேண்டாம். 1954இல் அமைக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்காவோடு சேர்ந்த அந்த நீர்ப்பரப்பில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் படகிலிருந்து பார்ப்பதே போதுமான இன்பம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகர வீடுகளின் குழாய்களுக்கு வருகிறது. கொண்டைவெட்டுவான் குளத்து நீர் அம்பாறைப் பகுதிக்குப் போகிறது. இந்தக் குளங்களில் சவர்க்காரமும் ஷாம்பூவும் போட்டுக் குளிப்பவர் யாருடைய குடிநீரில் அவற்றைக் கலக்கிறார் என்பதை விளக்கத் தேவையில்லை.

பயணப் பையில் நீளமான கயிறும், மூடியை இறுக்கிய வெற்றுக் கலனும் இருக்கட்டும். 5 லீற்றர் கலன் ஏறத்தாழ 5 கிலோ பாரத்தைத் தாங்கும். தத்தளிக்கும் ஒருவரின் தலையை நீருக்கு மேலே வைத்திருக்க அது உதவும். காப்பாற்றப் போகிறவர் தானும் குதிக்காமல், கரையில் நின்றே கயிற்றில் கட்டிய கலனை வீச வேண்டும். மற்றொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அம்புலன்ஸ் கேட்டு அழைக்க வேண்டும். காலில் புண்ணோடு குளத்திலோ வாய்க்காலிலோ இறங்கியவருக்கு அடுத்த இரண்டு வாரங்களில் கடும் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால், எந்த நீரில் எப்போது குளித்தார் என்பதை வைத்தியர் கேட்காமலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.