கடைக்குள்ள மலை வேணுமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, இன்டீரியர் டிசைன் கடைசி வருஷம் படிக்கிறாங்களாம். ட்ரெக்கிங் ஜாக்கெட், ஷூ விக்கிற ப்ராண்டுக்கு ஃப்ளாக்‌ஷிப் கடை, அதாவது ப்ராண்டோட முகமா நிக்கிற பெரிய கடை, டிசைன் பண்றது அவங்க ப்ராஜெக்ட். "சியாட்டில்ல ஆர்ஈஐ கடையில இருக்கிற மாதிரி உள்ளயே ஏறுற சுவர் வைக்கலாம்னு இருக்கேன், அது தேவையா இல்ல சும்மா ஷோவா அண்ணா"ன்னு கேக்குறாங்க. இந்தக் கேள்வி வந்து நாலு நாளாச்சுங்க, மண்டைக்குள்ளயே சுத்திட்டிருக்கு.

ஆர்ஈஐன்னா அமெரிக்கால மலை ஏறுற சாமான் விக்கிற கம்பெனி. சியாட்டில்ல இருக்கிற அந்தக் கடை 1996ல திறந்தது, டிசைன் பண்ணவங்க மிதுன்னு அந்த ஊர் ஆர்க்கிடெக்ட் கம்பெனி. கண்ணாடிக் கூண்டுக்குள்ள 65 அடிக்கு ஒரு பாறை நிக்கும், ரோட்ல போறவனுக்கே தெரியும். போட்டோல எல்லாரும் பாக்குறது அந்தப் பாறையத்தான். ஆனா அதே கடையில மழை ரூம் ஒண்ணு கட்டினாங்க, ஜாக்கெட்ட போட்டுட்டு உள்ள போய் நனைஞ்சு பாக்க. ஷூ போட்டு நடந்து பாக்க கரடுமுரடா ஒரு பாதை, வெளிய சைக்கிள் ஓட்டிப் பாக்க ஒரு மண் தடம். எனக்கு அந்தக் கடையே இந்த மூணும்தான்.

நம்ம பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், நகைக்கடை லைட் பத்திப் பேசினப்பவே சொன்னேன், வாங்க வர்றவங்க மனசுல ஒரு சந்தேகத்தோடதான் வர்றாங்க, அந்தச் சந்தேகம் தீர்ற எடம்தான் கடை. எங்கம்மா புடவை எடுக்கப் போனா, கடைக்காரர் என்ன லைட் போட்டுக் காட்டினாலும் நம்ப மாட்டாங்க, புடவையத் தூக்கிட்டு வாசலுக்கு வந்து வெயில்ல பிடிச்சுப் பாப்பாங்க. நல்ல கடைக்காரர் தடுக்க மாட்டார், கூடவே வந்து முந்தானைய விரிச்சுப் பிடிப்பார். மழை ரூமும் அந்த வாசல் வெயிலும் ஒண்ணுதாங்க.

ஜாக்கெட்டுக்கு சந்தேகம் என்ன? தண்ணி உள்ள வருமா, வேர்வை வெளிய போகுமா. மழை ஜாக்கெட் துணியோட சேர்த்து ஒட்டுற கோர்டெக்ஸ் மாதிரி மெம்பரேன்ல, அதாவது மெல்லிசான சவ்வுல, இருக்கிற ஓட்டை மழைத்துளியவிட பல ஆயிரம் மடங்கு சின்னது, அதனால துளி நுழையாது, ஆனா வேர்வை ஆவியா அதுவழியா வெளிய போயிடும். இத போர்டுல எழுதி வெச்சா யாரு படிக்கிறா? மழைல ரெண்டு நிமிஷம் நின்னா போதும், ஜாக்கெட் துணி வழியா தண்ணி வரல, கழுத்து வழியா வருது, கை மடிப்பு வழியா வருது, ஜிப் வழியா வருதுன்னு ஒடம்பே சொல்லிடும். அப்பதான் தொப்பிய இழுத்துக் கட்ற கயிறு ஏன் இருக்குன்னு புரியும். ஷூவும் அப்படித்தான், சமதளத்துல எல்லா ஷூவும் சொகமாத்தான் இருக்கும், எறக்கத்துல நடந்தாதான் கால் முன்னாடி போய் கட்டைவிரல் இடிக்கும். அதனால அந்தப் பாதையில ஒரு எறக்கம் கண்டிப்பா வேணும், ஏத்தம் மட்டும் வெச்சா வேலைக்கு ஆகாது.

ஜெர்மனில கொலோன்ல குளோப்ட்ரோட்டர்னு ஒரு கடை, 2006ல திறந்தப்ப கீழ் தளத்துல குளமே வெச்சாங்க, படக வாங்கறதுக்கு முன்னாடி தண்ணில இறக்கிப் பாக்க. குளிர் கோட் விக்கிற கனடா கூஸ் கடைகள் சிலதுல மைனஸ் 25 டிகிரி வரைக்கும் போற ஒரு குளிர் ரூம் இருக்கும், கோட் போட்டுட்டு உள்ள போய் நிக்கணும். குளமோ குளிரோ, எல்லாமே அந்த வாசல் வெயில்தான்.

அப்போ பாறை ஷோவான்னா, ஆர்ஈஐக்கு ஷோ இல்லங்க. மலை ஏறுறவங்க ஆரம்பிச்ச கூட்டுறவு அது. லாய்ட் ஆண்டர்சன்னு ஒருத்தர், பனில ஊனி ஏறுற ஐஸ் கோடாரி நல்லதா, கட்டுப்படியாற விலையில கிடைக்கலன்னு ஆஸ்திரியால இருந்து மூணரை டாலருக்கு வரவழைச்சார், கூட ஏறுறவங்க எனக்கும் எனக்கும்னு கேட்டாங்க, அவரும் அவர் மனைவி மேரியும் நண்பர்களுமா 23 பேர் சேர்ந்து 1938ல ஆரம்பிச்சாங்க. 1955ல அங்க முதல் முழுநேர ஆளா வேலைக்கு சேர்ந்த ஜிம் விட்டேக்கர்தான் 1963ல எவரெஸ்ட் ஏறின முதல் அமெரிக்கர். அந்தக் கடை வாசக்கதவுல கைப்பிடி என்ன தெரியுமா, ஐஸ் கோடாரி! எங்கக்கா பையன் சியாட்டில்ல இருக்கான், அவன் கூட்டிட்டுப் போனப்ப நான் கதவத் திறக்காம அதப் பிடிச்சிட்டே நின்னேன், பின்னாடி ஆளுங்க வெயிட் பண்றாங்க மாமான்னு இழுக்கிறான். 65 அடிப் பாறை சொல்றத அந்த ஒரு கைப்பிடி சொல்லிடுது, எனக்கு ரெண்டுல ஒண்ணு எடுக்கச் சொன்னா கைப்பிடிதான்.

அதனால தங்கச்சி, உங்க ப்ராண்ட் ஏறுறதுக்கான சாமான் விக்குதா? கயிறு, இடுப்புல மாட்டுற ஹார்னஸ் விக்குதுன்னா சுவர் வைங்க, கயிறு பிடிக்கப் பயிற்சி எடுத்த ஆள் எத்தனை பேர் வேணும்னு ப்ளான்லயே எழுதிடுங்க, ஆள் இல்லாம பூட்டி வெச்ச சுவர் மாதிரி ஒரு கடைக்கு அசிங்கம் கிடையாது. ஜாக்கெட்டும் ஷூவும்தான்னா அந்தக் காச மழைக்கும் எறக்கத்துக்கும் போடுங்க.

இதவிட நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது, கிழிஞ்ச ஜாக்கெட்ட ரிப்பேருக்கு எடுத்துட்டு வர்றவர் எந்தப் பக்கம் போவார்னு. படகோனியான்னு இதே மாதிரி ஜாக்கெட் விக்கிற கம்பெனி, 2015ல பழைய டிரக் ஒண்ணுல தையல் மெஷின ஏத்திக்கிட்டு அமெரிக்கால ஊர் ஊரா போய் இலவசமா தெச்சுக் குடுத்தாங்க. அஞ்சு வருஷம் போட்டு ஜிப் போன ஜாக்கெட் ஒண்ணு மேஜைமேல கெடந்தா, புதுசு வாங்க வந்தவனோட பெரிய சந்தேகம், இது எத்தனை வருஷம் உழைக்கும், அங்கயே தீர்ந்துடும். நான் ஒரு கடைக்கு இத வரைஞ்சு குடுத்தேன், ஓனர் ரிப்பேரப் பின்னாடி குடோன் பக்கம் தள்ளிட்டார், பழசு கண்ணுல படக்கூடாதாம். எனக்கு அது இன்னைக்கும் வருத்தம்தான். அடுத்த கடைக்காரர்கிட்ட மூணு மாசம் பேசினேன், மெஷின முன் கண்ணாடிக்குப் பக்கத்துலயே வெச்சோம், தெருவுல நின்னு பசங்க பாக்குறாங்க, ஜிப் மாத்துற அக்கா அவங்களப் பாத்துக் கை ஆட்டிட்டு மறுபடி தெக்குறாங்க.