நாலு கட்டிச் சர்க்கரை

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு நாம் பேசப்போவது டேவிட் சூஷே என்ற பிரிட்டிஷ் நடிகரைப் பற்றி. எழுத்துக்கூட்டிப் படித்தால் 'சுச்செட்' என்று வாயில் வரும். சூஷே என்பதுதான் சரி. பெயர் சட்டென்று பிடிபடாவிட்டாலும், முறுக்கிய மீசையும் பளபளக்கும் ஷூவுமாகக் குறுநடை போட்டு வரும் பெல்ஜியத் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அகதா கிறிஸ்டியின் கதைகளை வைத்து பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி 1989 ஜனவரியில் தொடங்கி 2013 நவம்பரில் முடித்த தொடர் அது. மொத்தம் 70 படங்கள். எழுபதிலும் புவாரோ இவரேதான்.

சூஷே 1946 மே 2ஆம் தேதி லண்டனில் பிறந்தவர். தந்தை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மகப்பேறு மருத்துவர்; அவர் வழியில் யூதக் குடும்பம். தாய் மேடை நடிகை. தாயின் தந்தை ஜேம்ஸ் ஜார்ஷே பேர்பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர். அண்ணன் ஜான் சூஷே தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளராகப் பிரபலமானவர். டேவிட், தேசிய இளைஞர் நாடகக் குழுவில் நடித்து, லாம்டா நாடகப் பள்ளியில் படித்து, 1973இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சேர்ந்தார். டிபால்ட், லியர் மன்னனின் விதூஷகன், கலிபன், இயாகோ என்று அங்கே அவர் போட்ட வேஷங்களைப் பார்த்தால் ஒன்று புரியும்: காதலன் வேஷம் இவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. குள்ளம், கட்டுமஸ்து, கனத்த குரல். இந்த உடம்புக்குப் பெரும்பாலும் கிடைப்பவை வில்லன்களும் விநோதப் பிறவிகளும்தான். அதுவே பின்னால் வரமாயிற்று.

அந்தக் காலத்து வேலைகளில் ஷேக்ஸ்பியரின் யூத வட்டிக்காரன் ஷைலக்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தை ஜான் பார்ட்டன் என்ற இயக்குநர் இரண்டு தடவை மேடையேற்றினார். 1978இல் ஷைலக் பேட்ரிக் ஸ்டூவர்ட்; 1981இல் சூஷே. பிறகு பார்ட்டன் நடத்திய தொலைக்காட்சி வகுப்பில் இருவரையும் உட்காரவைத்து ஒரே காட்சிகளை நடிக்கச் சொன்னார். ஸ்டூவர்ட்டின் ஷைலக் ஒரு கஞ்சன். புகைத்து முடித்த சிகரெட் துண்டைக்கூடத் தூக்கிப் போட மனம் வராமல் டப்பியில் சேர்த்துவைப்பவன். அவன் யூதன் என்பது இரண்டாம்பட்சம், பணத்தாசை பிடித்த கெட்டவன் என்பதே முதன்மை என்றார் அவர். சூஷே நேர்மாறாகப் போனார். ஊரே ஒதுக்கிவைத்த யூதன் என்பதை விட்டுவிட்டால் அந்த ஆளே இல்லை என்பது அவர் கட்சி. வசனத்தில் ஒரு சொல் மாறவில்லை, எதிரே நிற்பது வேறு மனிதன். நடிப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பாடம்தான் காட்டலாம் என்றால் இதைக் காட்டலாம்.

புவாரோ வேஷம் சூஷேயைத் தேடி வந்தது 1980களின் கடைசியில். சுவையான விஷயம், 1985இல் பீட்டர் உஸ்தினோவ் புவாரோவாக நடித்த ஒரு தொலைக்காட்சிப் படத்தில் புவாரோ கதைகளில் வரும் போலீஸ்காரர் இன்ஸ்பெக்டர் ஜாப் வேஷம் போட்டவர் இவர்தான். தன் வாழ்நாளிலேயே மோசமாக நடித்தது அதில்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். புவாரோ வாய்ப்பு வந்தபோது அண்ணனிடம் யோசனை கேட்டார். அது உனக்கு ஒத்துவராது, அந்தப் பக்கமே போகாதே என்றார் அண்ணன். அவர் பயம் நியாயமானதுதான். அன்றைக்குப் புவாரோ என்றாலே கோமாளித்தனம் கலந்த பாத்திரம் என்ற எண்ணம் ஊறியிருந்தது.

சூஷே செய்த முதல் வேலை, கிறிஸ்டியின் புத்தகங்களை எடுத்து உட்கார்ந்ததுதான். படிக்கப் படிக்க, புவாரோவைப் பற்றிய ஒவ்வொரு விவரத்தையும் எண் போட்டுத் தாளில் குறித்தார். 93 குறிப்புகள் சேர்ந்தன. முதல் குறிப்பு: பெல்ஜியக்காரர், பிரெஞ்சுக்காரர் அல்ல. காப்பியில் பால் கூடாது. மூலிகைக் கஷாயம் பிடிக்கும். ஆங்கிலேயரின் தேநீர் அவருக்கு விஷம். சர்க்கரை நாலு கட்டி, சில சமயம் மூன்று, எப்போதாவது ஐந்து. விமானம் ஏறினால் குமட்டும். கப்பலும் ஆகாது. இந்தத் தாள்களைப் படப்பிடிப்புக்குக் கையோடு கொண்டுபோவார். வருகிற இயக்குநர்களுக்கும் ஒரு பிரதி கொடுப்பார். கொடுக்கக் காரணம் இருக்கிறது. 25 வருடத் தொடரில் இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் இரண்டு கட்டி போடச் சொல்வார், அடுத்தவர் கட்டியே வேண்டாம் என்பார். பாத்திரத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு கடைசியில் நடிகர் தலையில்தான் விழும்.

இனி நடை. கால்களை இறுக்கிப் பிடிக்கும் பளபளப்பான பேட்டன்ட் தோல் ஷூவில், விறுவிறுவென்று சின்னச் சின்ன அடிவைத்து நடப்பவர் என்று கிறிஸ்டி எழுதியிருக்கிறார். எழுதுவது எளிது, நடந்து காட்டுவது எப்படி? நடிகர் லாரன்ஸ் ஒலிவியே ஒரு வேஷத்துக்காகச் செய்த தந்திரம் சூஷேக்கு நினைவு வந்தது. ஒரு பென்னி நாணயத்தைப் பிட்டங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அது விழாமல் நடக்க வேண்டும். சிரிக்காதீர்கள். நாணயம் விழாமலிருக்க இடுப்புத் தசை இறுகும். இறுகினால் தொடை அகலாது. தொடை அகலாவிட்டால் அடி தானாகவே குறுகும். முழங்காலுக்குக் கீழேதான் அசைவு. மேல் உடம்பு தட்டில் வைத்த பொம்மைபோல நிமிர்ந்து வரும். வீட்டுத் தோட்டத்தில் இப்படி நடந்து நடந்து பழகினார். குறுநடையைக் காலால் மட்டும் செய்தால் இரண்டு நாளில் அது வேறாகிவிடும். படப்பிடிப்பில் காட்சிகள் வரிசையாக எடுக்கப்படுவதில்லை. திங்கள்கிழமை கதவுக்கு வெளியே நடந்ததும் வியாழக்கிழமை உள்ளே நுழைவதும் ஒரே நடையாக இருக்க வேண்டும். உடம்பின் நடுவில் ஒரு பூட்டு போட்டுவிட்டால் நடை மாறாது.

வானொலியில் பேசுவதால் குரலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். சூஷேயின் சொந்தக் குரல் அடித்தொண்டையும் நெஞ்சுமாக ஒலிப்பது. புவாரோ மூளையால் வாழ்பவர், அதனால் அவர் குரலும் நெஞ்சில் இல்லாமல் தலையில் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். நீங்களே பாருங்கள். நெஞ்சில் கை வைத்துத் தாழ்ந்த சுருதியில் 'ம்' என்று இழுங்கள், உள்ளங்கை அதிரும். மெல்லச் சுருதியை ஏற்றிக்கொண்டே போனால் நெஞ்சதிர்வு அடங்கி, மூக்குத்தண்டு பக்கம் கூசும். அந்த இடத்தில்தான் புவாரோ பேசுகிறார். தொண்டையை நெரித்து மேலே தள்ளினால் அரை நாளில் கரகரத்துவிடும். மூச்சு கீழே அடிவயிற்றில், ஒலி மட்டும் மேலே. வாரத்துக்கு எட்டு முறை மேடையேறிப் பழகியவருக்கு இது கைவந்தது. உச்சரிப்புக்கு, பெல்ஜியத்திலும் பாரிஸ் பக்கத்திலும் ஆட்கள் ஆங்கிலம் பேசும் வானொலிப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுப் பயின்றார். கேட்கும் ஆங்கிலேயன் 'பிரெஞ்சுக்காரர்' என்று நினைக்க வேண்டும், அப்போதுதான் 'இல்லை, பெல்ஜியம்' என்று அவரைத் திருத்த முடியும். அதே சமயம் கொச்சை கூடிவிட்டால், குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் அந்த நீண்ட கடைசிப் பேச்சு யாருக்கும் புரியாது.

மீசை முதல் தடவை சரியாக வரவில்லை. மேலுதடு முழுவதையும் மூடித் தொங்கி, கடல்யானை மாதிரி இருந்தது. கிறிஸ்டியின் வர்ணனையை முன்னே வைத்துக்கொண்டு புதிதாகச் செய்தார்கள். வயிறு, முதுகு, தோள் எல்லாவற்றுக்கும் மெத்தை வைத்த உள்ளுடுப்பு, அதன் மேல் மூன்று துண்டு கம்பளி சூட். எகிப்திலும் மொராக்கோவிலும் படமெடுத்தபோது அதற்குள் வெந்த வேக்காட்டை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தொடக்க நாட்களில் ஒரு தகராறு. பூங்கா பெஞ்சில் புவாரோ உட்கார வேண்டும். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பெஞ்சைத் துடைத்து, விரித்து, அதன் மேல்தான் உட்காருவேன் என்றார் சூஷே. பார்க்கக் கேலிக்கூத்தாக இருக்கும் என்றார் இயக்குநர். இருவரும் இறங்கிவரவில்லை. தயாரிப்பாளர் வரைக்கும் போய், கடைசியில் கைக்குட்டைதான் ஜெயித்தது. கிறிஸ்டியின் மகள் ரோஸலிண்ட் ஹிக்ஸ் முன்பே சூஷேயை அழைத்து எச்சரித்திருந்தார்: ஜனங்கள் புவாரோவோடு சேர்ந்து சிரிக்கலாம், அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பெஞ்சைத் துடைப்பவன் தான் செய்வது வேடிக்கை என்று நினைத்தால் பார்ப்பவர்களுக்கு அவன் கோமாளி. தூசி இருக்கிறதே என்று உண்மையாகவே கவலைப்பட்டால் புவாரோ.

புவாரோ இல்லாத வருடங்களில் மேடை. 1993இல் ஹெரால்ட் பின்டர் இயக்கத்தில் 'ஒலியானா', 1998இல் பீட்டர் ஹால் இயக்கிய 'அமேடியஸ்' நாடகத்தில் இசையமைப்பாளர் சாலியரி, 2010இல் ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்', 2015இல் ஆஸ்கர் வைல்டின் நாடகத்தில் லேடி பிராக்னெல் என்ற பெண் வேஷம். தொலைக்காட்சியில் பத்திரிகை முதலாளி ராபர்ட் மாக்ஸ்வெல்லாக நடித்ததற்குச் சர்வதேச எம்மி விருது. 2020இல் சர் பட்டம்.

தொடரில் எல்லாமே ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். முதல் பாதியில் புவாரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ், இன்ஸ்பெக்டர் ஜாப், காரியதரிசி மிஸ் லெமன் மூவரும் இருந்தபோது வீசிய இளங்காற்று பிற்பாடு குறைந்துவிட்டது. 2010இல் வந்த 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' படத்தில் ஜெபமாலையும் கையுமாகத் தவிக்கும் புவாரோவை நான் இன்னும் முழுமனதாக ஏற்கவில்லை. அவர் கத்தோலிக்கர் என்று கிறிஸ்டியே எழுதியிருக்கிறார், உண்மைதான். ஆனால் அந்தப் படத்தின் பாரம் கதையின் தோளுக்கு மீறியது.

கடைசிக் கதையான 'கர்ட்டன்' ஒளிபரப்பானது 2013 நவம்பர் 13. புவாரோ சக்கர நாற்காலியில் ஒடுங்கிச் சாகும் கதை. அதற்காக சூஷே உடல் எடையைக் குறைத்தார். ஆனால் படமெடுத்த வரிசை வேறு. சாவை முதலில் எடுத்து முடித்துவிட்டு, கடைசி வரிசையின் மற்ற கதைகளைப் பிறகு எடுத்தார்கள். செத்த புவாரோவோடு படப்பிடிப்பை முடிக்க அவருக்கு மனமில்லை. ஆகவே 2013 ஜூனில், டெவனில் கிறிஸ்டியின் சொந்தக் கோடை வீடான கிரீன்வேயில், மெத்தை உடுப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, இறுக்கமான ஷூவில் அதே குறுநடை போட்டு நடந்ததுதான் அவர் கேமரா முன் செய்த கடைசிப் புவாரோ வேலை.

வணக்கம்.