பழைய கொப்பியை மூடுவது யார்?

அவையோருக்கு வணக்கம். வெள்ளவத்தைக்கு இந்த ஞாயிறு மாலையில் வந்திருக்கும் உங்களில் பலர் வைத்தியசாலை நிருவாகத்தில் இருப்பவர்கள். நிறுவனம் மாறும்போது நம் பதவி என்னவாகும் என்ற கவலையோடுதான் வந்திருப்பீர்கள்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் கணினிப் பதிவு வந்து மூன்று மாதமாகியும் வரிசை குறையவில்லை. குறையை இயந்திரத்தின் மேல் சுமத்தி நானும் இரண்டு கடிதங்கள் எழுதினேன். பிறகு ஒருநாள் காலை ஆறரை மணிக்குப் பதிவு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எழுதுவினைஞர் நோயாளியின் பெயரைக் கணினியில் பதிந்தார். அதையே நீளக் கொப்பியில் எழுதினார். நோயாளி கொண்டுவந்த கிளினிக் கொப்பியிலும் எழுதினார்.

"நீளக் கொப்பி இன்னும் ஏன், தம்பி?"

"நிறுத்தச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லையே, சேர்."

மாற்றத்தை அறிவிக்கப் பலர் உண்டு; பழைய வேலையை நிறுத்தும் பொறுப்பை ஏற்பவர் அரிது. அவரே வளர்கிறார் என்பது என் கணிப்பு. அந்தக் கொப்பியை நிறுத்த எனக்கு ஆறு வாரம் பிடித்தது. கணக்காய்வுக்கு எது சான்றாகும் என்பதை எழுத்தில் பெறவேண்டியிருந்தது. மின்சாரம் நின்றால் எந்தத் தாளில் எழுதுவது, பின்னர் அதை யார் கணினியில் ஏற்றுவது என்றும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது சில்லறைக் கேள்வியல்ல.

பெரிய மாற்றங்களிலும் இதே கதைதான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் பல வைத்தியசாலைகள் மாகாண சபைகளின் கீழ்ச் சென்றன. போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சிடமே தங்கின. மாகாண வைத்தியசாலைக்கும் மருந்து கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்தே வருவதால், இரண்டு வாசல்களையும் அறிந்த நிருவாகி அங்கே தேவைப்படுகிறார்.

மருத்துவ நிருவாகத்தில் முதுமாணிப் பட்டம் பெறக் கொழும்பிலேயே வழியுண்டு, பெறுங்கள். ஆனால் அது வைத்தியர்களுக்கான வழி. தாதியரும் எழுதுவினைஞரும் நேர்முகப் பரீட்சையில் காட்டக்கூடியது, தாம் குறைத்த காத்திருப்பையும் அதை எப்படி அளந்தார்கள் என்ற கணக்கையுமே. அந்தக் கணக்கை மாற்றம் தொடங்கும் முன்பே எழுதத் தொடங்க வேண்டும். நான் அப்படிச் செய்யாததால், வரிசை எவ்வளவு குறைந்தது என்று பணிப்பாளர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

நீளக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடிழுத்துக் கையொப்பமிட்டேன். தானும் கீழே ஒப்பமிடலாமா என்று எழுதுவினைஞர் கேட்டார். பேனையை அவரிடம் கொடுத்தேன்.