37-ல் பேண்ட் வந்துவிட்டால் அது ராட்51 தானா?

வணக்கமுங்க. கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பயோடெக் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்ட் நேரத்தில் கேட்கிற கேள்விதான் இன்றைய வீடியோ. "வெஸ்டர்ன் பிளாட் போட்டேனுங்க, 37 கிலோடால்டன்ல பேண்ட் வந்துருச்சு, அப்ப ராட்51 ஆன்டிபாடி நல்லாத்தானுங்க வேலை செய்யுது?" வெஸ்டர்ன் பிளாட் என்றால் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, நமக்கு வேண்டிய புரதத்தை ஆன்டிபாடியால் தேடுவது, ஆன்டிபாடி பிடித்த இடத்தில் தெரியும் கோடுதான் பேண்ட். ராட்51 டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ஒரு புரதம், கிலோடால்டன் புரத எடையின் அளவு. அந்தப் பேண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

(திரையில்: டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுகின்றன)

கதிர்வீச்சு பட்டாலோ சில மருந்துகள் பட்டாலோ டிஎன்ஏவின் இரண்டு இழையும் சேர்ந்தே அறுந்து போகும். சென்னிமலைத் தறியில் நூல் அறுந்தால் இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு ஓட்டிவிடுவார்களே, செல்லும் அப்படி ஒட்டிவிடும், ஆனால் ஒட்டிய இடத்தில் சில எழுத்துகள் தொலைந்து போகலாம். இன்னொரு வழி, பக்கத்திலேயே இருக்கும் நகலைப் பார்த்து அறுந்த பகுதியை அப்படியே திரும்ப எழுதுவது. அதற்கு நகல் இருக்க வேண்டும், அதாவது செல் தன் டிஎன்ஏவைப் பிரதி எடுத்திருக்க வேண்டும், அதனால் இந்த வழி செல் பிரதி எடுக்கும் எஸ், எடுத்து முடித்த ஜி2 கட்டங்களில்தான் நடக்கும். நகலைத் தேடிப் பிடிப்பது ராட்51. 339 அமினோ அமிலம், எடை ஏறத்தாழ 37 கிலோடால்டன். அறுந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோய் உட்கார வைப்பது பிஆர்சிஏ2, மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் அதே பெயர்தான்.

சரி, இப்போது பேண்டுக்கு வருவோம்.

(திரையில்: மெம்பரேன் படம், 37-ன் நேரே ஒரு கறுப்புக் கோடு)

37-ல் ஒரு கோடு தெரிகிறது. ஆனால் நாம் எல்லோரும் பழக்கத்தில் லோடிங் கண்ட்ரோலாக, அதாவது எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் போட்டோமா என்று பார்க்க, போடுகிற ஜிஏபிடிஎச் என்ற புரதம் 36-ல் நிற்கும்! முதலில் ஜிஏபிடிஎச் பார்த்துவிட்டு, அந்த ஆன்டிபாடியைச் சரியாகக் கழுவி எடுக்காமல், அதாவது ஸ்ட்ரிப் பண்ணாமல், அதே மெம்பரேனில் ராட்51 போட்டால், நீங்கள் பார்ப்பது எதை என்று உங்களுக்கே தெரியாது. அதனால் 50-ல் வரும் டியூபுலினோ, அதற்கும் வெகு மேலே 120 பக்கம் வரும் வின்குலினோ வைத்துக்கொள்ளுங்கள். விரைத் திசுவில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அங்கே டிஎம்சி1 என்று ராட்51-ன் நெருங்கிய சொந்தம் ஒன்று இருக்கிறது, அமினோ அமில வரிசையில் பாதிக்கு மேல் ஒன்றே, எடையும் ஏறக்குறைய அதேதான். எடையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

அப்ப என்னதான் செய்வது? செல்லுக்குள் ராட்51 புரதத்தைக் குறைத்துப் பாருங்கள், கூடவே பேண்டும் குறைகிறதா என்று பாருங்கள். ஜீனையே அடியோடு எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் பொதுவாக மிக வலுவான சோதனை, ஆனால் ராட்51 விஷயத்தில் அது எளிதில் நடக்காது, இது இல்லாமல் செல் பெருகாது, ராட்51 இல்லாத எலிக் கரு பிழைப்பதில்லை என்று 1996-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே எஸ்ஐஆர்என்ஏ, அதாவது ஒரு ஜீனின் ஆர்என்ஏவை அழித்து அதன் புரதத்தைக் குறைக்கும் சின்ன ஆர்என்ஏ. ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல்லில் ஒரு தட்டுக்கு ராட்51 எஸ்ஐஆர்என்ஏ, இன்னொரு தட்டுக்கு எதையும் குறிவைக்காத கண்ட்ரோல் எஸ்ஐஆர்என்ஏ, 48 முதல் 72 மணி நேரம் விட்டு, செல்லை உடைத்து எடுத்த இரண்டு லைசேட்டையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். முதல் லேனில் பேண்ட் மங்கி, வின்குலின் இரண்டிலும் ஒரே அளவில் இருந்தால் நம்பலாம். பேண்ட் மங்கவே இல்லை என்றால், எஸ்ஐஆர்என்ஏ வேலை செய்ததா என்று ஆர்என்ஏ அளவை முதலில் பாருங்கள், அது குறைந்திருந்தும் பேண்ட் அப்படியே நின்றால் ஆன்டிபாடி மேல் சந்தேகப்படுங்கள். டேட்டாஷீட்டில் எத்தனை அழகான படம் இருந்தாலும் சரி.

(திரையில்: நீல நிற உட்கருக்கள், சிலவற்றுள் பச்சைப் புள்ளிகள்)

வெஸ்டர்னில் தேறிய ஆன்டிபாடி மைக்ரோஸ்கோப்பிலும் தேறும் என்று நினைக்க வேண்டாம். வெஸ்டர்னில் புரதம் பிரிந்து நீண்டு கிடக்கும், செல்லுக்குள் மடிந்து இருக்கும், ஆன்டிபாடி பிடிக்கிற இடம் ஒன்றில் வெளியே தெரியும், மற்றதில் மறைந்திருக்கும். டிஎன்ஏ அறுந்த செல்லில் ராட்51 கூட்டமாகச் சேர்ந்து உட்கருவுக்குள் புள்ளி புள்ளியாகத் தெரியும், இதைத்தான் ஃபோசை என்பார்கள். கதிர்வீச்சுக் கருவி எல்லாக் கல்லூரியிலும் கிடையாது, பரவாயில்லை, மைட்டோமைசின்-சி கொடுத்தாலும் ஃபோசை வரும். இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த கண்ட்ரோல் கேபன்-1 என்ற கணையப் புற்றுநோய் செல். அதில் பிஆர்சிஏ2 பழுது. வெஸ்டர்ன் போட்டால் ராட்51 பேண்ட் வரும், ஆனால் டிஎன்ஏவை அறுத்தாலும் ஃபோசை உருவாகாது. அதில் பளிச்சென்று புள்ளிகள் தெரிந்தால் நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது ராட்51 இல்லை. கூடவே ஜெமினின் என்ற புரதத்துக்கும் சாயம் போடுங்கள், எஸ், ஜி2 கட்டத்துச் செல்களில்தான் அது இருக்கும், அவற்றில் மட்டும் எண்ணுங்கள். மற்ற செல்களையும் சேர்த்து எண்ணினால், மெதுவாகப் பெருகும் செல்லுக்கெல்லாம் பழுதுபார்க்கும் திறனே இல்லை என்று தப்பாக எழுதிவிடுவீர்கள்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓலாபரிப் போன்ற, பார்ப் என்ற இன்னொரு பழுதுபார்க்கும் புரதத்தைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகள், நகல் பார்த்துச் சரிசெய்யும் வழி அடைபட்ட கட்டிகளில்தான் நன்றாக வேலை செய்யும். 2014-ல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய்க்கு முதலில் அனுமதித்ததும் பிஆர்சிஏ பழுது உள்ளவர்களுக்கே. கட்டியில் ராட்51 ஃபோசை உருவாகிறதா என்று பார்த்து மருந்து கேட்குமா என முன்கூட்டிச் சொல்லும் முயற்சிகள் நடக்கின்றன. உங்கள் ஆன்டிபாடி குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும், அதை வைத்து எந்த நோயாளிக்கும் முடிவு சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதுகிற ஆய்வைத்தான் நாளை ஒருவர் அடித்தளமாக எடுப்பார்.

அப்புறம் குப்பியைப் பற்றி. பார்சல் வந்த அன்றே பிரியுங்கள், சித்திரை வெயிலில் கல்லூரி ஆபீஸ் மேசையிலேயே கிடந்தால் ஜெல் பேக் எத்தனை நேரம் தாங்கும்? 50 சதவீதம் கிளிசரால் இருந்தால் மைனஸ் 20-ல் உறையாது, அப்படியே வைக்கலாம். கிளிசரால் இல்லையென்றால் லேபிளில் சொன்னபடி சின்னச் சின்னக் குழாயாகப் பிரித்து வையுங்கள், திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் கெட்டுவிடும். தீசிஸில் கேட்லாக் எண்ணோடு லாட் எண்ணையும், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதையும், எழுதுங்கள். பாலிகுளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை, என்றால் லாட்டுக்கு லாட் மாறும். இப்போது ஓட்டிய அந்த இரண்டு லைசேட்டிலும் கொஞ்சம் மைனஸ் 80-ல் எடுத்து வையுங்கள், அடுத்த குப்பி வந்ததும் பழைய லாட்டையும் புதிய லாட்டையும் அதன் மேலேயே போட்டுப் பார்க்கலாம்.