800 ரூபாய்க்கு யாரோ வீட்டுத் தாத்தா! (இமாச்சலில் தீர்த்தன், குல்லு பயணக் கதை)

வணக்கம் மக்களே. இன்றைக்கு எனக்குப் பின்னால் மலையும் இல்லை, ஆறும் இல்லை. கொடியில் காய்கிற மாமாவின், அதாவது என் வீட்டுக்காரரின், பேன்ட்தான் இருக்கிறது. கோயம்புத்தூர் வந்து நான்கு நாளாகிறது. "அக்கா, குல்லு ராஃப்டிங் வீடியோ எப்போ? அக்கா, மீன் பிடிச்சேன்னு சொன்னீங்களே, எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் இல்லை. மீன் வீடியோ இல்லை என்பது எனக்கு அங்கேயே தெரியும். ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் ஆற்று அலையோடு போனது, அந்த வீடியோ இல்லை என்பது நேற்று ராத்திரிதான் தெரிந்தது. 800 ரூபாய் கொடுத்து வாங்கிய வீடியோ!

நேற்றுச் சாப்பிட்டுவிட்டு, டிவியில் பென்டிரைவைச் செருகி, மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "பாருங்க அத்தை, உங்க பையன் எப்படிக் கத்தறார்னு" என்று போட்டால், வருவது வேறு யாரோ. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் சரி, நீல ஹெல்மெட் சரி, தண்ணீரும் சரி. உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு தாத்தா, இரண்டு அக்காமார், காலேஜ் படிக்கிற மாதிரி ஒரு பையன். அத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்க கண்ணு இருக்கிற?" என்கிறார். எங்கேயும் இல்லை அத்தை. 11 நிமிடம் 40 நொடி ஓடுகிறது, ஒரு நொடிகூட நான் இல்லை.

800 ரூபாய் என்றால் சும்மா வரவில்லை. படகில் கேமரா மாட்டி எடுத்துக் கொடுக்கிற ராஃப்டிங்காரர்கள் முதலில் கேட்டது 1,200. எனக்கு இந்தி வராது என்பது உங்களுக்குத் தெரியும், கர்நாடகத்துத் தண்டேலிக்குப் போன வீடியோவிலேயே பார்த்துச் சிரித்தீர்கள். அதை வைத்துக்கொண்டு, விரலாலும் முகத்தாலும் பேசியே 1,000, அப்புறம் 900, கடைசியில் கிளம்புகிற மாதிரி இரண்டு எட்டு நடந்து 800. பென்டிரைவ்கூட நம்முடையதுதான், காரில் பாட்டுக் கேட்கிறது. அந்த வெற்றியில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். ஃபைல் ஏறிவிட்டதா என்று அவர்கள் லேப்டாப்பில் பார்த்தேன், ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தது, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆரஞ்சு ஜாக்கெட் எல்லோரும்தான் போட்டிருந்தார்கள். இது அப்போது தோன்ற வேண்டாமா? இன்றைக்குக் காலையில் போன் போட்டால், சாயங்காலமானால் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்கிறார்கள்.

நம் ஆக்ஷன் கேமரா எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அது உயிரோடுதான் இருக்கிறது, பேட்டரிதான் இல்லை. முந்தின நாள் ஜலோரி கணவாயில் மாமா மேகத்தை டைம்லாப்ஸ், அதாவது நீண்ட நேரம் எடுத்து வேகமாக ஓட்டிக் காட்டுகிற வீடியோ, எடுத்தார். மேகத்தை! ராத்திரி சார்ஜ் போட மறந்துவிட்டார். நானும் மறந்தேன், ஆனால் மேகத்தை எடுத்தது நான் இல்லை.

சரி, முதலிலிருந்து வருகிறேன். இந்தத் தடவை மே மாதம் இமாச்சல் போனதற்கு ஒரே காரணம் ட்ரவுட் மீன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊட்டிப் பக்கம் அவலாஞ்சி போனபோது, அங்கே வெள்ளைக்காரர் காலத்து ட்ரவுட் குஞ்சு பொரிப்பகத்தைப் பார்த்ததிலிருந்து இவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஊர்க் குளத்தில் தக்கை போட்டு ஜிலேபி மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், ட்ரவுட் ட்ரவுட் என்று தூக்கத்தில் பேச ஆரம்பித்தார். அதனால் தீர்த்தன் பள்ளத்தாக்கு.

டில்லியிலிருந்து ராத்திரி பஸ். ஔட் என்று ஒரு இடம், அங்கே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்து ஒரு டன்னல் இருக்கிறது. போகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: டன்னலுக்கு முன்னாடியே இறங்கிவிட வேண்டும். பஞ்சார் வழியாகத் தீர்த்தனுக்குப் போகிற ரோடு அங்கேதான் பிரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். கண் விழித்தால் மஞ்சள் விளக்கு, சுற்றிலும் பாறை. "அம்மணி, டன்னலுக்குள்ள இருக்கறோம்" என்று மாமா சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பக்கம் இறங்கி, விடியற்காலைக் குளிரில் டாக்சி பிடித்து, அதே டன்னலுக்குள் திரும்பி வந்தோம்.

அப்புறம் லார்ஜி, பஞ்சார், குஷைனி. லார்ஜியில்தான் தீர்த்தன் ஆறு பியாஸ் ஆற்றில் போய்ச் சேர்கிறது. அங்கே அணை இருக்கிறது. ஆனால் மேலே தீர்த்தனில் அணை கிடையாது. மின்சாரத் திட்டங்கள் வர இருந்ததாம், ஊர்க்காரர்கள் சண்டை போட்டு, கோர்ட் வரை போய் நிறுத்தினார்கள். குஷைனிக்கு மேலே இமயமலை தேசியப் பூங்கா, கிரேட் ஹிமாலயன் என்பார்களே, 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அங்கிருந்துதான் இந்த ஆறு இறங்கி வருகிறது. காலை வைத்தேன், முட்டி வரைக்கும் உணர்ச்சியே இல்லை. பனி உருகி வருகிற தண்ணீர்.

அங்கே சும்மா போய்த் தூண்டில் போட முடியாது, மீன்துறை லைசென்ஸ் வாங்க வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பேர் போட்டு, தேதி போட்டு ஒரு காகிதம். நவம்பரிலிருந்து பிப்ரவரி முடிய யாருக்குமே அனுமதி கிடையாது, மீன் முட்டை போடுகிற காலம். நான் அந்தக் காகிதத்தை மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மாமாவின் காகிதம் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது, அந்தப் பேன்ட்தான் பின்னால் காய்கிறது. காகிதம் வாஷிங் மெஷினில் கூழாகிவிட்டது.

ஆமாம், தூண்டில் கதைக்கு வருகிறேன். மாமா ஊரிலிருந்தே மைதா, மஞ்சள்தூள், பூண்டு எல்லாம் பிசைந்து உருண்டை பிடித்துக் கொண்டுவந்திருந்தார். ஜிலேபிக்கு அதுதான் அவருடைய ரகசிய மருந்து. மூன்று நாள் பையில் இருந்த உருண்டை, வாசனையை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எங்களோடு வந்த உள்ளூர்ப் பையன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மரியாதையாக மூடிக் கொடுத்துவிட்டான். ட்ரவுட்டுக்கு ஸ்பின்னர்தான். சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு, இழுத்தால் தண்ணீருக்குள் சுற்றிக்கொண்டே வரும், குஞ்சு மீன் ஓடுகிறது என்று நினைத்துப் பெரிய மீன் பாயும்.

இந்த மீன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து, மேல்பக்கம் பார்த்துக்கொண்டே நிற்கும். சாப்பாடு ஓட்டத்தில் அடித்துக்கொண்டு வரும் என்று காத்திருக்கும். அதனால் நாம் கீழேயிருந்து, அதன் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது, கல்லை உருட்டக் கூடாது. காலையில் போவது நல்லது. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் கூடி, கலங்கிவிடும். எனக்குக் காலையில் எழுவது ஜென்ம விரோதம், அதுவும் தெரியும் உங்களுக்கு. ஐந்தரைக்கு எழுந்தேன். இதற்கு யாராவது பாராட்டுங்கள்.

முதல் நாள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. மாமாவின் இரண்டு ஸ்பின்னர் பாறையில் மாட்டி அறுந்து போயிற்று. இரண்டாம் நாள், பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று அமைதியாகிற ஒரு இடம். பையன் கையைக் காட்டினான். நான் வீசியது சரியாகவே விழவில்லை, அவன் காட்டிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. ரீலை இரண்டு சுற்று சுற்றினேன், தூண்டில் ராட் வளைந்தது. பாறையில் மாட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். பாறை ஓட ஆரம்பித்தது!

கத்தினேன். மாமா கீழே ஐம்பது அடி தள்ளி, கேமராவை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் அவர் ஒன்றும் பிடிக்காமல் நிற்கிற காட்சி என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் தருகிறேன். என் சத்தம் கேட்டதும், கேமரா நனைந்துவிடும் என்று கழற்றிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அணைக்கவில்லை. என் வாழ்க்கையின் முதல் ட்ரவுட் முழுக்க முழுக்க ஒரு பாக்கெட்டின் உள்பக்கமாகப் பதிவாகியிருக்கிறது. சத்தம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

மீனைச் சொல்லவில்லையே! பழுப்பு ட்ரவுட். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம் இருக்கும். மாமா அவ்வளவு இல்லை என்கிறார், அவர் பொறாமைக்காரர். முதுகு தேன் நிறம், பக்கத்தில் கறுப்புப் புள்ளி, நடுநடுவே குங்குமம் வைத்த மாதிரி சிவப்புப் புள்ளி, அந்தச் சிவப்பைச் சுற்றி வெளிறிய வளையம். தொடுவதற்கு முன்னால் கையை நனைக்கச் சொன்னான் பையன். வறண்ட கையால் பிடித்தால் மேலே இருக்கிற வழவழப்பு உரிந்துவிடுமாம், அப்புறம் அதற்குச் சீக்கு வந்துவிடும். முள்ளை எடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். செவுள் இரண்டு மூன்று தரம் விரிந்தது. வாலை ஒரு அடி அடித்தது, போய்விட்டது. என் கை மட்டும் தண்ணீரில் இருந்தது. "போட்டோ எடுத்தீங்களா மாமா?" என்று கேட்டேன். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். அந்த முகத்தையாவது யாராவது எடுத்திருக்கலாம்.

அன்றைக்கு ராத்திரி தங்கின வீட்டில் பண்ணை ட்ரவுட் வறுத்துக் கொடுத்தார்கள். நல்ல மீன், முள் குறைவு. ஆனால் கடுகு எண்ணெய். எனக்கும் கடுகு எண்ணெய்க்கும் இந்த ஜென்மத்தில் ஒத்துவராது. மாமா என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். நான் சித்துவில் விழுந்துவிட்டேன். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே அக்ரூட், கசகசா வைத்து ஆவியில் வேக வைப்பது. பிய்த்தால் ஆவி வரும், அதன் மேல் நெய். மூன்று நாளும் அதுதான். கொழுக்கட்டைக்குச் சித்தப்பா மகள் மாதிரி.

ஜலோரி கணவாய் 3,120 மீட்டர். அங்கிருந்து 5 கிலோமீட்டர் நடந்தால் செரோல்சர் ஏரி. நடந்தோம், வந்தோம், மூச்சு வாங்கிற்று. மீதி மேகம்தான், அதை மாமா எடுத்து வைத்திருக்கிறார்.

கடைசி நாள்தான் குல்லு. பியாஸ் ஆற்றில் ராஃப்டிங், பிர்டியில் ஏறி ஜீரியில் இறங்குவது, 14 கிலோமீட்டர். போகிறவர்கள் தேதி பார்த்துப் போங்கள், ஜூலை 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மழைக்காக ராஃப்டிங் நிறுத்திவிடுவார்கள். மாமா தண்டேலியில் துடுப்புப் போட்டவர் ஆயிற்றே. காளி நதியில் சூபா அணையிலிருந்து தண்ணீர் விட்டால்தான் ராஃப்ட் ஓடும், பியாஸ் அப்படியா, பனி உருகிற ஆறு என்று இரண்டு நாளாகப் பாடம் எடுத்தார். "ஃபார்வர்ட், பேக்" என்று ஹோம்ஸ்டே கட்டிலில் உட்கார்ந்து ஒத்திகை வேறு. அங்கே போனால், எங்கள் ராஃப்டில் நமக்குத் துடுப்பே தரவில்லை! கைடு ஒருவரே உட்கார்ந்து இரண்டு நீளத் துடுப்பை வலிக்கிறார், நாம் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒகேனக்கல் பரிசலில் பரிசல்காரர் பார்த்துக்கொள்வாரே, அந்த மாதிரி. மாமாவின் முகம் அப்படியே தொங்கிப் போயிற்று.

ஆனால் பூந்தர் வந்ததும் தொங்கின முகம் நிமிர்ந்துவிட்டது. மணிகரண் பக்கமிருந்து வருகிற பார்வதி ஆறு அங்கேதான் பியாஸில் சேர்கிறது. சேர்ந்த பிறகு ஆறு வேறு ஆறு. முதல் அலை இடுப்பில் அடித்தது, இரண்டாவது அலை வாய்க்குள் வந்தது, மூன்றாவது அலையில், சொல்லவே மனசு வரவில்லை, பச்சைத் தொப்பி போய்விட்டது.

ஆமாம், அதே தொப்பி. பொள்ளாச்சிச் சந்தையில் 120 ரூபாய்க்கு வாங்கியது, முதல் வீடியோவிலிருந்து அவர் தலையில் இருப்பது. ஹெல்மெட் போட வேண்டும் என்றதும் கழற்றி லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்தார். மேலே எகிறிற்று, ஒரு தடவை சுற்றிற்று, தண்ணீரில் உட்கார்ந்து எங்களுக்கு முன்னால் போயிற்று. மாமா கையை நீட்டினார், கைடு ஒரு அதட்டு அதட்டினார். ராஃப்டின் முன்னால் மாட்டியிருந்த கேமரா இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் மக்களே நான் அந்த 800 ரூபாயைக் கொடுத்தேன்.

இப்போது அந்தக் குடும்பத்தின் வீடியோவை நான் நான்கு தரம் பார்த்துவிட்டேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாத்தா இருக்கிறாரே, ஒவ்வொரு அலைக்கும் முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார், அலை போனதும் திறந்து, தான்தான் அதைத் தாண்டின மாதிரி எல்லோரையும் பார்க்கிறார். அத்தை இன்றைக்குக் காலையில், "அந்தத் தாத்தாவை இன்னொருக்கா போடு" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். அவர்கள் முகத்தை இங்கே காட்ட மாட்டேன், கேட்காமல் போடுவது தப்பு. ஆனால் எங்கள் வீடியோ அவர்களிடம் இருக்க வாய்ப்பிருக்கிறது அல்லவா? மே மாதக் கடைசியில் பிர்டியில் ஏறின, கண் மூடுகிற தாத்தா உள்ள குடும்பம் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். பச்சைத் தொப்பி பறக்கிற வீடியோ என்று சொன்னால் அவர்களுக்கே தெரியும். நான் அவர்களுடையதைக் கொடுத்துவிடுகிறேன், காசு வேண்டாம்.

மாமா உள்ளே ஆன்லைனில் புதுத் தொப்பி பார்த்துக்கொண்டிருக்கிறார். 650 ரூபாயாம், நான் இன்னும் சரி சொல்லவில்லை. சரி, இப்போது அவருடைய பாக்கெட்டுக்குள் போகலாம். ஒரு நிமிடம் இருட்டாகத்தான் இருக்கும், டிவியைத் தட்டாதீர்கள். ஹெட்போன் போட்டிருப்பவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், கத்துவது நான்தான்.